கம்பி கட்டிய பறை

"புதுசா ஒண்ணும் கத்துக்க வேணாம் மாமா. இதுவும் ஆறு கம்பிதான். கிட்டாருக்குச் சுருதி கூட்டுற மாதிரியே கூட்டிக்கலாம். கை தானா ஓடும்" என்று சொல்லித்தான் தங்கை மகன் அந்தப் பெட்டியை ஓமந்தூரில் நம் வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்தான். டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். அங்கே பழைய வாத்தியங்கள் விற்கும் கடையொன்றில் அதைக் கண்டெடுத்தானாம். அது 2022ஆம் ஆண்டு ஐப்பசியின் முதல் வாரம். மழை இன்னும் இறங்கவில்லை. பெட்டிக்குள் இருந்தது ஆறு தந்திப் பான்ஜோ. கழுத்து முழுவதும் கிட்டார். கழுத்துக்குக் கீழேதான் வேறுபாடு. இடை நெளிந்த மரவுடல் இல்லை. வட்டமான ஒரு சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய கன்றுத்தோல், அத்தோலைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்க இருபதுக்கும் மேற்பட்ட கொக்கிகள்.

நாம் கிட்டாரைக் கையிலெடுத்தது 1983இல். முறையான பயிற்சி ஏதுமில்லை; திண்டிவனத்தில் நண்பரொருவர் நான்கைந்து கார்டுகளைக் காட்டிக் கொடுத்தார், மிச்சத்தை வானொலி கற்றுக் கொடுத்தது. அன்று முதல், பக்கத்து ஊர் ஆலயமொன்றின் பாடற்குழுவில் ஞாயிறுதோறும் வாசித்து வருகிறோம். (அவ்வூரின் பெயர் இங்கே வேண்டாம். காரணம் பின்னால் விளங்கும்.) தொடக்கத்தில் நம்மையும் சிலர் முகம் சுளித்தே பார்த்தனர். கிட்டார் சினிமா வாத்தியம், அதற்குப் பீடத்தருகே என்ன வேலை என்றார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் குழலார்கனுக்கு முதல் மரியாதை தந்துவிட்டு, வழிபாட்டுக்கு இசைந்த பிற வாத்தியங்களையும் உரியவர் இசைவோடு சேர்த்துக் கொள்ளலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. அந்தச் சன்னல் வழியாக உள்ளே ஏறிக் குதித்தவர்களுள் நாமும் ஒருவர். இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்குப் பான்ஜோவை எடுத்துச் சென்றோம். பான்ஜோ கொண்டு வருகிறோம் என்று முன்பே சொல்லியிருந்தபடியால் பிள்ளைகள் ஆவலோடு கூடியிருந்தனர். பெட்டியைத் திறந்ததும் ஒரு சிறுமி, "பித்தான் எங்க சார்?" என்றாள். பிழை அவளுடையதன்று. நம் பக்கத்தில் 'பெஞ்சோ' என்றால் தட்டச்சுப் பொறிபோல் பித்தான்கள் வைத்த புல்புல் தாரங்தான். 1912இல் ஜப்பானின் நகோயாவில் பிறந்த தைஷோகோத்தோ என்னும் வாத்தியம் இந்தியாவுக்கு வந்து, வேறொருவர் பெயரைச் சூட்டிக்கொண்டு கச்சேரி மேடைகளிலும் கானாப் பாட்டிலும் குடியேறியது. இரண்டுக்கும் இரத்த உறவு கிடையாது. இதையெல்லாம் விளக்கிவிட்டுக் காணிக்கைப் பாடலை எடுத்தோம்.

கிட்டாரில் வாரி மீட்டுவதுபோல் ஆறு தந்திகளையும் ஒருசேர வாரினோம். தகரக் கூரையில் கூழாங்கற்களைக் கொட்டியது போலிருந்தது. ஆர்மோனியம் வாசிக்கும் அம்மையார் கையை எடுத்துவிட்டு, "சார், வாசிக்கிறது நீங்களா, ஆலங்கட்டி மழையா?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், ஆனால் நாற்பதாண்டுக் கை தனக்குத் தெரிந்த ஒரே வேலையில் தோற்றுப் போவதைப் பலர் முன்னிலையில் காண்பது அவ்வளவு இனிப்பான அனுபவமன்று.

தோற்றதற்குக் காரணத்தைப் பின்னரே உணர்ந்தோம். இடக்கைக்கு மருமகன் சொன்னது முற்றிலும் உண்மை. ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று அதே ஆறு சுரங்கள்; அதே மெட்டுகள்; அதே கார்டுகள். பொய்யாய்ப் போனது வலக்கைக்குத்தான். கிட்டாரின் மரப்பலகை கனமானது. தந்தியின் அதிர்வை வாங்கிச் சிறுகச் சிறுக வெளியே விடும். ஆகவே ஒரு முறை மீட்டிவிட்டு, ஒலி நீண்டு கரையும் வரை பாடகரோடு சாய்ந்து நிற்கலாம். தோல் அப்படியல்ல. அது மிக மெலிது. தந்தி கொடுத்ததை அந்தக் கணமே உரக்கக் கொட்டித் தீர்த்துவிட்டு அடங்கிவிடும். உரக்க ஒலிப்பதும் உடனே மடிவதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். அந்த இடைவெளியை நிரப்பக் கிட்டார்க்காரன் இன்னும் வேகமாக வாருகிறான், தடித்த கீழ்த்தந்திகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்புகின்றன, மழை வலுக்கிறது.

ஆகவே கையைக் கட்டிப்போடக் கற்றோம். ஆறையும் தொடாமல் நடுவிலுள்ள மூன்று தந்திகளை மட்டும் சுருக்கமாகத் தட்டுவது, தட்டியதும் விட்டுவிடுவது, தடித்த தந்தி தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் தனியே தொடுவது, சட்டத்தின் பின்புறம் தோலுக்குக் கீழே பழைய வேட்டித்துணி ஒன்றைச் செருகி அதன் வாயை அடக்குவது. வீட்டம்மாவுக்கு அந்த வேட்டி போன இடம் இன்னும் தெரியாது.

இவ்வாத்தியத்தை அறிந்து வாசித்தவர்களைத் தேடிக் கேட்கவும் தொடங்கினோம். 1925இல் சிக்காகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் 'ஹாட் ஃபைவ்' என்ற குழுவைக் கூட்டி இசைத்தட்டுப் பதிவு செய்தபோது, ஜானி செயின்ட் சிர் என்பவர் ஆறு தந்திப் பான்ஜோ வாசித்தார். அந்த ஐவரில் மேளக்காரர் கிடையாது. கார்னெட், டிராம்போன், கிளாரினெட், பியானோ, பான்ஜோ. தாளத்தைத் தாங்கும் பொறுப்பு பியானோவோடு சேர்ந்து இவருடைய வலக்கையின் மேல் விழுந்தது. அத்தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். பழைய பதிவின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த நறுக்கு நறுக்கான தட்டு தெளிவாய் விழும். நாம் தந்தி வாத்தியமென்று நினைத்ததை அவர் தோற்கருவியாக நடத்தினார். பின்னாளில் கிட்டார் மேதையெனப் போற்றப்பட்ட ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் சிறுவயதில் தொடங்கியது இதே கிட்டார்ப் பான்ஜோவில்தான்; 1928இல் அவருடைய வண்டிவீடு தீப்பற்றி இடக்கையில் இரு விரல்கள் முடங்கிய பிறகே கிட்டாருக்கு முழுமையாக மாறினார். நீல் யங் 1972இல் வெளியிட்ட 'ஓல்ட் மேன்' பாட்டில் ஒலிக்கும் பான்ஜோவை வாசித்தவர் ஜேம்ஸ் டெய்லர். அவரும் கிட்டார்க்காரரே, அதுவும் ஆறு தந்திதான். ஐந்து தந்திப் பான்ஜோவில் ஊறியவர்கள் இதை மட்டமாகப் பேசுவதுண்டு. அவர்களுடையதில் கழுத்தின் நடுவிலிருந்து புறப்படும் குட்டைத் தந்தி ஒன்று சுருதிபோல் இடைவிடாமல் ஒலிக்கும். அது இல்லாதது பான்ஜோவே அன்று என்பது அவர்கள் கட்சி. இருக்கட்டும். நாம் சண்டைக்குப் போகவில்லை.

நடுவில் ஒரு விபத்து. தந்திகள் துருவேறியிருந்தன, புதிதாக மாற்றுவோமென்று, கிட்டாரில் செய்வது போலவே ஆறையும் ஒரே மூச்சில் கழற்றினோம். கழற்றியதும் குதிரை கீழே விழுந்து கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. நம் கிட்டாரில் குதிரை பலகையோடு ஒட்டியிருக்கும். பான்ஜோவிலோ தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதைத் தோலின்மேல் நிறுத்தி வைக்கிறது. எங்கே நின்றதென்று நாம் குறித்து வைக்கவில்லை. கண்மதிப்பில் நிறுத்தினோம், வெறுந்தந்தியில் சுருதி சேர்ந்தது, மேல் மெட்டுகளுக்குப் போனால் ஒவ்வொரு கார்டும் அழுதது. ஊர் திரும்பிவிட்ட மருமகனைத் தொலைபேசியில் பிடித்தோம். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேராகத் தந்தியை மெல்லத் தொட்டு ஒலிக்கச் செய்ய வேண்டும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுரமாக வந்தால் குதிரை சரியான இடத்தில் நிற்கிறது. அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் குதிரையைக் கழுத்திலிருந்து சற்றுத் தள்ள வேண்டும், இறங்கினால் அருகே கொண்டுவர வேண்டும். இரவு பதினொரு மணி வரை தள்ளியும் கொணர்ந்தும் நிலைநிறுத்தி, பென்சிலால் மூன்று கால்களுக்கும் அடையாளமிட்டோம்.

பிறகு மழை வந்தது. கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்தால் தோல் தொய்ந்து கிடக்கிறது. குதிரை பள்ளத்தில் இறங்கி, தந்திகள் மெட்டுகளின் மேல் படுத்துவிட்டன. எதைத் தொட்டாலும் ஈ மொய்ப்பது போன்ற இரைச்சல். இக்காலப் பான்ஜோக்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் தோல்; அதற்கு மழையுமில்லை, வெயிலுமில்லை. நம்முடையது பழைய கன்றுத்தோல். கொக்கிகளை முறுக்க ஒரு சாவி பெட்டியிலேயே இருந்தது. ஆனால் எதை முறுக்குவது, எவ்வளவு? தவறினால் தோல் கிழியும். மரத்தையும் கம்பியையும் அறிந்த நமக்குத் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அன்று உறைத்தது.

தோலை அறிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் இருக்குமிடமும் தெரியும். மூன்று நாள் போகாமலிருந்தோம்.

1989 திருப்பிறப்பு விழாவுக்கு முன்பு அது நடந்தது. பறை வாசிப்பவர் ஒருவர், அதே ஆலயத்தின் விசுவாசிதான், அவ்வூர்க் காலனியில் குடியிருப்பவர், விழாக் குழுவிடம் வந்து நின்றார். நள்ளிரவுத் திருப்பலியில் வானதூதர் கீதத்துக்குத் தாமும் தம் தம்பியும் பறை வாசிக்கலாமா என்று கேட்டார். குழுவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்லக் கூசினார்கள். 'இசை தெரிந்தவர்' என்று நம் பக்கம் திரும்பினார்கள். நமக்கு அப்போது வயது இருபத்தாறு. "சத்தம் பாட்டை அமுக்கிவிடும், சரிப்படாது" என்றோம். கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தியான இசைக்கருத்து! அந்த ஆலயத்தில் விழாக்காலத்தில் ஒலிபெருக்கி அலறுவது அடுத்த ஊருக்குக் கேட்கும். தேர் பவனியில் பேண்டு செட்டு முழங்கும். அவையெல்லாம் எந்தப் பாட்டையும் அமுக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து கல்லறை வாயில் வரை பறை வரலாம், அதற்குமேல் வேண்டாம் என்று ஊர் வகுத்திருந்த கோட்டுக்கு நாம் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு காரணம் எழுதிக் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

ஓமந்தூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. நாடு விடுதலை பெற்றபோது சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் இம்மண்ணுக்குரியவர். அவருடைய அமைச்சரவைக் காலத்தில், 1947இல், கோயில் நுழைவுக்கான சட்டம் வந்தது. பள்ளியில் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது நம் ஆலயங்களுக்குத் தேவைப்படாத சட்டம் என்று உள்ளூர இறுமாந்தும் இருந்திருக்கிறோம்.

மூன்று நாளும் சும்மா இருக்கவில்லை, படித்தோம். பான்ஜோவின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்தித் தந்தி கட்டிய அகோன்டிங் போன்ற வாத்தியங்களை அங்கே இன்றும் வாசிக்கிறார்கள். கப்பலில் அடிமைகளாய் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் கரிபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் நினைவிலிருந்தே அவற்றைத் திரும்பச் செய்தார்கள். 1687இல் ஜமைக்காவுக்குச் சென்ற மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் அங்கே கண்டதை 1707இல் வெளியிட்ட நூலில் படத்தோடு பதிவு செய்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகளில் அதை வாசித்தார்கள். பிறகு அது சீமாட்டிகளின் வரவேற்பறைக்குப் போயிற்று. கருவியை உள்ளே அழைத்துக்கொண்டு, செய்தவரை வாசலில் நிறுத்திய கதை.

நம்மிடம் மட்டும் என்ன? பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை வரிசையாகச் சொல்கிறது. அதன் பத்தரைப் போர்த்தியிருந்தது தோல். விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட யாழ்நூலைப் புரட்டினால் விளங்கும். நாம் தலையில் தூக்கி வைத்தாடும் யாழும் தோல் போர்த்த தந்திக் கருவிதான்.

நான்காம் நாள் காலை மழை விட்டதும் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனோம். ஆலயத்திலிருந்து காலனிக்குப் பத்து நிமிட நடை. அதுவரை நாம் அங்கே சென்றது இரண்டே முறை, இரண்டும் சாவுக்கு. அவருக்கு எழுபத்தேழு வயது. திண்ணையில் அமர்ந்திருந்தவர் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். 1989இல் நம்மைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவரை "நீ" என்று பேசியது நினைவுக்கு வந்தது. "உட்காருங்க ஐயா" என்றோம். அந்தச் சொல் நம் வாயில் புதுச்செருப்புப் போலக் கடித்தது.

பான்ஜோவை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தந்திகளை அவர் தொடவேயில்லை. சுட்டுவிரல் நகத்தால் தோலின் ஓரத்தில், ஒவ்வொரு கொக்கிக்கும் அருகே, மெல்லச் சுண்டிக்கொண்டே வந்தார். "இங்க பேசுது... இங்க பேசல... இங்க மூக்கால பேசுது." சாவியை வாங்கிப் பேசாத இடத்தில் கால் சுற்று முறுக்கினார், உடனே நேர் எதிர்ப்புறக் கொக்கிக்குப் போனார். ஒரே பக்கம் இழுத்தால் வளையம் கோணிக்கொள்ளும் என்றார். மறுபடி சுண்டல், மறுபடி கால் சுற்று. அரைமணி நேரம் ஆயிற்று. மூலையில் அவருடைய பறை சாத்தி வைக்கப்பட்டிருந்தது. "அதுக்குத் தீ காட்டினா போதும். இதுக்குத் தீ ஆகாது, காலை வெயில் காட்டுங்க" என்றார். பிறகு வட்டத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, "இது பறைதான் சார். மேல கம்பி போட்டிருக்காங்க" என்றார்.

பேத்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். எடுத்துக் குடித்தோம். குடிக்கிறோமா என்று அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நாமும் பார்த்தோம்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? இது மட்டும் பாட்டை அமுக்காதா?"

முகத்தில் கோபமில்லை. உண்மையாகவே அறிய விரும்புபவர் போலக் கேட்டார். முப்பத்து மூன்று ஆண்டுகளாக அந்த வாக்கியத்தைச் சொல் பிசகாமல் வைத்திருந்திருக்கிறார். அன்று சொன்னது தவறு, காரணமும் பொய் என்றோம். "தெரியும் சார்" என்றார். இந்தத் திருப்பிறப்புக்கு வாசிக்க வர வேண்டுமென்று கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்து, "நான் ஒருதடவை வந்து கேட்டுட்டேன். இப்ப கேக்க வேண்டியது நீங்க. எல்லாரையும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

கேட்டோம். தமிழகத்தில் இன்று பல ஆலயங்களில் பறை ஒலிக்கிறது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, கிராமிய இசையிலேயே வழிபாட்டை அமைத்துக் காட்டினார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடி வருகிறார்கள். இவற்றையெல்லாம் கூட்டத்தில் எடுத்துச் சொன்னோம். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு இளைஞர் ஒருவர், நம்மிடமே கிட்டார் பயின்றவர், மிகுந்த பணிவோடு எழுந்து, "அதெல்லாம் சரிதான் சார். ஆனா உள்ள வாசிச்சா சத்தம் பாட்டை அமுக்கிடும்" என்றார். நாம் சொல்லிக் கொடுத்த கார்டுகளோடு அதையும் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே குடிலருகில் வாசிக்கலாமென்று முடிவாயிற்று. போய்ச் சொன்னோம். "வெளியதான் சார் வாழ்நாள் பூரா வாசிக்கிறேன்" என்று சிரித்தார், வரவில்லை. அந்த நள்ளிரவில் நாமும் பான்ஜோவை எடுத்துச் செல்லவில்லை. பழைய கிட்டாரையே வாசித்தோம்.

அதன் பிறகும் ஆண்டுதோறும் கூட்டத்தில் கேட்டு வருகிறோம். எதிர்ப்பவர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, இல்லாமற் போகவில்லை. அவருக்கு இப்போது காது சற்று மந்தம். ஆனால் மழைக்காலத்தில் தோல் தொய்ந்ததும் நாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவது வழக்கமாகிவிட்டது. சென்ற ஐப்பசியில் ஒருநாள் கொக்கிகளை முறுக்கி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது, திரும்ப வழியில்லை. வானதூதர் கீதத்தை மெல்ல எடுத்தோம். அவர் பறையை மடியில் சாய்த்து, குச்சியில்லாமல் விரல்களாலேயே ஓரத்தில் தட்டத் தொடங்கினார். பேத்தி பாடினாள். இரண்டாம் அடி முடிவதற்குள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"அந்தத் தடிக்கம்பி ரெண்டையும் விட்டுடுங்க சார். அது என் வேலை."

விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.